ஜெபப் பெட்டியின் சாவி

உட்காருங்கள், டீச்சர். எழுதத் தொடங்குவதற்கு முன் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை சில உண்டு. அவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். இல்லையென்றால் நான் சொல்லச் சொல்ல நீங்களே அதை உங்கள் பத்திரிகைக்கு ஒரு சாட்சியாக மாற்றி எழுதிக்கொண்டு போய்விடுவீர்கள்.

என் பெயர் எஸ்தர் ரத்தினபாய். வயது அறுபத்திரண்டு. அஞ்சல் துறையில் முப்பத்தாறு ஆண்டுகள் வேலை பார்த்தேன். கடைசிப் பதினோரு ஆண்டுகள் இதே சீயோன்விளை அஞ்சலகத்துக்குப் பொறுப்பாக இருந்தேன். ஊரில் இன்றும் போஸ்ட்மாஸ்டரம்மா என்றுதான் கூப்பிடுகிறார்கள். என் கணவர் இறந்தபோது மகள் பியூலாவுக்கு ஒன்பது வயது. இப்போது பியூலாவும் இல்லை. அவள் போய் ஒரு வருடமும் நான்கு மாதங்களும் ஆகின்றன. வேறு பிள்ளைகள் இல்லை.

அடுத்தது எங்கள் கோயிலின் வழக்கம். வாசற்சுவரில், செருப்பு விடும் இடத்துக்கு மேலே, ஒரு மரப்பெட்டி பொருத்தியிருக்கிறது. ஜெபப் பெட்டி என்போம். யாருக்கு என்ன தேவையோ அதை ஒரு சீட்டில் எழுதி அதற்குள் போடலாம். சனிக்கிழமை மாலையில் உபதேசியார் பெட்டியைத் திறந்து, சீட்டுகளைப் படித்து அடுக்கி வைப்பார். ஞாயிறு ஆராதனையில் அவற்றை ஒவ்வொன்றாக வாசிப்பார். ஒவ்வொரு சீட்டு முடிந்ததும் சபையார் எல்லோரும் சேர்ந்து, "கர்த்தாவே, எங்களுக்குச் செவிகொடும்" என்று சொல்ல வேண்டும்.

உபதேசியார் வேறு, குருவானவர் வேறு. குருவானவரை நாங்கள் ஐயர் என்போம். ஐயருக்கு ஆறு ஊர்க் கோயில்கள் பொறுப்பு. எங்கள் பங்குக்கு மாதத்தில் ஒரு ஞாயிறு கிடைப்பார். மற்ற நாட்களில் மணியடிப்பது, மன்றாட்டு வாசிப்பது, நோயாளிகளைப் பார்ப்பது, குழி வெட்ட ஆள் தேடுவது எல்லாம் உபதேசியாரின் வேலை. எங்கள் உபதேசியார் ஞானாபரணம். ஐம்பத்தைந்து வயது, மெலிந்த உருவம், அதைவிட மெலிந்த குரல். அந்த மனிதர்மேல் எனக்குத் தனிப்பட்ட விரோதம் எதுவும் இல்லை. இதை எழுதிக்கொள்ளுங்கள். எதுவும் இல்லை.

இவ்வளவு தெரிந்தால் போதும்.

உங்கள் மாதப் பத்திரிகையை நான் தவறாமல் படிக்கிறேன். சாட்சிப் பகுதியையும் படிக்கிறேன். முதல் பத்தியில் துன்பம் வரும். இரண்டாம் பத்தியில் ஜெபம். மூன்றாம் பத்தியில் ஸ்தோத்திரம். எல்லோருக்கும் ஒரே அச்சு. துன்பத்துக்கும் ஸ்தோத்திரத்துக்கும் இடையில் எத்தனை மாதம் சென்றது, அந்த மாதங்களில் அந்தப் பெண் யாரைத் திட்டினாள், எதைச் சாப்பிட்டாள் என்று ஒருவரும் எழுதுவதில்லை. என்னுடையதையும் அப்படி எழுதுவதாக இருந்தால் காப்பியைக் குடித்துவிட்டுப் புறப்படலாம். நான் வருத்தப்பட மாட்டேன்.

சரி, கேளுங்கள்.

பியூலா நாகர்கோவிலில் ஒரு கல்லூரியில் கணிதம் கற்பித்தாள். விடுதியில் தங்கியிருந்து வெள்ளிக்கிழமைதோறும் மாலைப் பேருந்தில் வீட்டுக்கு வருவாள். அவளுடன் வேலை பார்த்த பெண்ணுக்கு மதுரையில் திங்கட்கிழமை கல்யாணம் என்று நிச்சயமாகியிருந்தது. ஆசிரியைகள் ஆறு பேர் சேர்ந்து வேன் பேசியிருந்தார்கள். மதுரைச் சாலை, தெரியாத ஓட்டுநர், போகவர நெடுந்தூரம். எனக்குப் பயம். அதனால் புதன்கிழமையே ஒரு சீட்டு எழுதிப் பெட்டியில் போட்டேன். ஞாயிற்றுக்கிழமை வாசிப்பார்கள், திங்கட்கிழமை அவள் புறப்படுவாள். என் கணக்கு சரியாகத்தான் இருந்தது.

வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு எங்கள் ஊருக்குப் பிரியும் விலக்கில் பேருந்தை விட்டு இறங்கிச் சாலையைக் கடந்தபோது, கல்லேற்றிய லாரி ஒன்று தவறான பக்கத்தில் வந்தது.

வேறு விவரம் கேட்காதீர்கள். அந்த விலக்கில் அவள் நான்கு வருடங்களாக இறங்கியிருக்கிறாள். மதுரைப் பயணத்துக்குச் சீட்டு எழுதிய நான், வாராவாரம் வீட்டுக்கு வருகிற வழிக்கு ஒரு சீட்டும் எழுதியதில்லை. யார் எழுதுவார்கள், சொல்லுங்கள்? வீட்டுக்கு வருவதற்கு யார் ஜெபம் கேட்பார்கள்?

சனிக்கிழமை மாலை அடக்கம். உபதேசியார் பெட்டியைத் திறக்க வேண்டிய நேரத்தில் கல்லறைத் தோட்டத்தில் நின்றுகொண்டிருந்தார். அடக்கத்துக்கு மறுநாளான ஞாயிறன்று துக்க வீட்டார் கோயிலில் முன் பெஞ்சில் உட்கார வேண்டும் என்பது எங்கள் ஊர் வழக்கம். உட்கார்ந்தேன். மன்றாட்டு வேளையில் அவர் அப்போதுதான் எடுத்த சீட்டுகளை முன்கூட்டிப் பார்க்காமல் கையில் வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றாக வாசித்தார். முதுகுவலி. பள்ளிப் பரீட்சை. மூன்றாவதாக என் சீட்டு.

"திங்கட்கிழமை மதுரைக்குப் பயணம் போகும் என் மகள் பியூலா சுகமாய்ப் போய்ச் சுகமாய்த் திரும்பும்படி."

பாதியிலேயே அவருக்குத் தெரிந்துவிட்டது. குரல் தடுமாறியதிலிருந்து அதை அறிந்தேன். அவர் நிறுத்தவில்லை. கடைசிச் சொல்வரைக்கும் வாசித்தார். வாசித்து முடித்ததும் முந்நூறு பேரும், நேற்று அவளுக்கு மண் போட்ட அதே முந்நூறு பேரும், பழக்கம் மாறாமல் பதில் சொன்னார்கள். கர்த்தாவே, எங்களுக்குச் செவிகொடும் என்று சொன்னார்கள், டீச்சர். நான் எழுந்து வெளியே வந்தேன். செருப்பைக்கூடப் போடவில்லை.

மறுநாள் ஐயரைப் பார்த்துச் சொன்னேன். அழவில்லை, வரிசையாகச் சொன்னேன். தபாலை வகைபிரித்துப் பார்க்காமல் ஒருவன் பட்டுவாடாவுக்குப் போனால் துறையில் என்ன செய்வோமோ அதை இங்கேயும் செய்ய வேண்டும், அந்த ஆள் இனிமேல் மன்றாட்டு வாசிக்கக்கூடாது என்றேன். ஐயர் மன்னிப்பைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். நான் ஒழுங்கைப் பற்றிப் பேசுகிறேன், நீங்கள் வேறு எதையோ பேசுகிறீர்கள் என்றேன். அடுத்த ஞாயிறு முதல் உபதேசியாருக்கு மணியும் துடைப்பமும் மட்டும் மிஞ்சின.

பிறகு ஆறுதல் சொல்ல வந்தவர்கள். எழுதிக்கொள்ளுங்கள், இந்தப் பகுதி உங்கள் வாசகிகளுக்கு உதவும். தோட்டக்காரர் அழகான பூவைத்தானே பறிப்பார் என்றார் ஒருவர். என் மகள் பூ அல்லள், கணித விரிவுரையாளர் என்றேன். மாதர் சங்கத் தலைவி வந்து, கர்த்தர் தமக்குப் பிரியமானவர்களைச் சீக்கிரம் எடுத்துக்கொள்வார் என்றார். உங்களுக்கு எழுபத்தெட்டு ஆகிறதே அம்மா, உங்கள்மேல் ஏன் அவருக்கு இவ்வளவு மனத்தாங்கல் என்று கேட்டேன். அந்த அம்மாள் இன்றுவரை என்னோடு பேசுவதில்லை. எனக்கு அதில் ஒரு குறையும் இல்லை.

ஏழு ஞாயிறுகள் நான் கோயிலுக்குப் போகவில்லை. வீட்டில் ஜெபிக்கவும் இல்லை. கேட்டதற்கு இதுதான் பதில் என்றால் இனி எதற்குக் கேட்க வேண்டும்? வேதப்புத்தகத்தை எடுத்துத் துணி பீரோவில் வைத்துப் பூட்டினேன். எட்டாம் வாரம் ஐயர் வந்து, திரும்பி வாருங்கள் அம்மா என்று கெஞ்சினார். ஒரு நிபந்தனை சொன்னேன்: ஜெபப் பெட்டியின் சாவி என்னிடம் இருக்க வேண்டும். சீட்டுகளை நான் எடுப்பேன், நான் சரிபார்ப்பேன், நானே வாசிப்பேன். இன்னொரு தாய்க்கு இந்த ஊரில் இப்படி நடக்கக்கூடாது.

"நீங்களும் சேர்ந்து ஜெபிப்பீர்களா?" என்று கேட்டார்.

"தபால்காரர் கடிதத்தைக் கொண்டுபோய்ச் சேர்ப்பார். அதில் தானும் சேர்ந்து கையெழுத்துப் போடமாட்டார்" என்றேன்.

அவர் சாவியைக் கொடுத்துவிட்டுப் போனார்.

அன்று முதல் விதிகள் வந்தன. சீட்டில் தேதி வேண்டும். பெயர் வேண்டும். வீட்டு எண் வேண்டும். இவற்றில் ஒன்று குறைந்தாலும் வாசிக்கப்படாது. சனிக்கிழமை பிற்பகல் நான் பெட்டியைத் திறந்து, எந்தெந்த வீட்டிலிருந்து சீட்டு வந்திருக்கிறதோ அந்தந்த வீட்டுக்குப் போவேன். நோயாளி உயிரோடு இருக்கிறாரா, பரீட்சை முடிந்துவிட்டதா, பயணம் தள்ளிப்போயிருக்கிறதா என்று கேட்டுச் சரிபார்ப்பேன். ஆறுதல் சொல்ல நான் போகவில்லை. அதைத் தெளிவாகச் சொல்கிறேன். எட்டு வீடுகளுக்கு நான்கு மணி நேரம் ஆகும். சில வீடுகளில் இன்னும் கூடுதலாகும். கிழவர் ஒருவருக்குப் புண்ணில் மருந்து வைக்க ஆள் இல்லையென்றால் வைத்துவிட்டுத்தானே வர வேண்டும்? சரிபார்ப்பு என்றால் அப்படித்தான்.

எத்தனை விதமான சீட்டுகள் தெரியுமா? பக்கத்து வீட்டுச் சேவலுக்குத் தொண்டை கட்டும்படி ஒருவர் எழுதியிருந்தார். நேரில் போய்த் திருத்தினேன். தனக்கு நல்ல உறக்கம் வரும்படி என்று மாற்றிக்கொண்டார். சபைக் கமிட்டித் தேர்தல் சமயத்தில் எதிரெதிராக நின்ற இருவரும் தங்களுக்கே வெற்றி வேண்டுமென்று ஒரே வாரத்தில் எழுதிப் போட்டார்கள். தேதி, பெயர், வீட்டு எண் எல்லாம் ஒழுங்காக இருந்தன. அடுத்தடுத்து வாசித்தேன். சபை இரண்டுக்கும் ஒரே குரலில் செவிகொடும் என்றது. நான் வாயை மூடிக்கொண்டு நின்றேன். எல்லாச் சீட்டுக்கும் அப்படித்தான் நின்றேன். ஒரு வருடத்துக்கு மேல்.

பாக்கியத்தாயைப் பற்றிச் சொல்ல வேண்டும். தெற்குத் தெரு, பீடி சுற்றுகிற பெண். அவள் மகன் கப்பல் வேலைக்குப் போய், ஒரு போனும் தகவலும் இல்லாமல் வருடக்கணக்காகிறது. வாரம் தவறாமல் ஒரே சீட்டு, ஒரே வாசகம். மகன் செல்வசிங் பேசும்படி. ஒரு சனிக்கிழமை எனக்குப் பொறுக்கவில்லை. இத்தனை வாரம் பதில் வராத இடத்துக்கு மறுபடியும் மறுபடியும் எழுதுவதற்கு உனக்கு வெட்கமாக இல்லையா என்று கேட்டேன். கேட்டிருக்கக்கூடாது. ஆனால் கேட்டேன்.

அவள் சுற்றிய பீடியைக் கீழே வைக்காமலே சொன்னாள்: "கேக்கத நிறுத்திட்டா அவன் இல்லன்னு நானே முடிவு கட்டுன மாதிரி ஆயிரும்லாக்கா. அவரு சொல்லட்டும். நான் எதுக்கு முந்திக்கிடணும்?"

பதில் கிடைக்காதபோது எனக்குக் கோபம் வரும். அவள் முற்றத்துக் குழாய் ஒழுகுகிறது என்று திட்டிவிட்டு வந்தேன்.

இனி முக்கியமான பகுதி.

சாவி என் கைக்கு வந்த முதல் மாதத்திலிருந்தே வாரம் ஒரு சீட்டு பெயரில்லாமல் வந்தது. தேதி இருக்கும். பெயர் இருக்காது, வீட்டு எண் இருக்காது. இரண்டே சொற்கள்: "பியூலாவின் தாயாருக்காக." யாரோ என்மேல் இரக்கப்படுகிறார்கள், என் அனுமதி இல்லாமல் இரக்கப்படுகிறார்கள். விதிப்படி வாசிக்கவில்லை. கிழித்தும் போடவில்லை, வந்த தபாலைக் கிழிக்க எந்த அஞ்சல் ஊழியருக்கும் கை வராது. ஒரு டப்பாவில் போட்டு வைத்தேன். ஐம்பத்தொன்று சேர்ந்ததும் எடுத்துப் பரப்பிக் கையெழுத்தைப் பார்த்தேன். கோயில் அறிவிப்புப் பலகையில் வாரந்தோறும் பார்க்கிற கையெழுத்து. ஞானாபரணம்.

அந்த ஐம்பத்தொன்றையும் எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். அவரும் மனைவி ராஜகனியும் புளி உடைத்துக்கொண்டிருந்தார்கள். சீட்டுகளை முறத்தின் பக்கத்தில் வைத்து, இது யார் எழுதியது என்று கேட்டேன்.

"நாந்தாம்மா" என்றார்.

"பெயர் ஏன் போடவில்லை?"

"என் பேரப் பாத்தா வாசிக்க மாட்டீயன்னு நெனச்சேன்."

"எனக்காகக் கேட்க உங்களுக்கு யார் அதிகாரம் கொடுத்தது?"

ராஜகனிதான் நிமிர்ந்தாள். "எக்கா, வருசத்துக்கு மேல ஆச்சு. மணியடிக்காரு, கூட்டிப் பெருக்குதாரு, ஒங்க புள்ள கல்லறையில புல்லு முளைக்க விடல. இன்னும் என்ன செய்யணும்? அந்தப் பெட்டிக்குள்ளயே ஏறிப் படுத்துக்கிடணுமா?"

அவர் அவளை அடக்கினார். பிறகு அன்று நடந்ததைச் சொன்னார். என் கையெழுத்தைப் பார்த்ததும், அடக்கம் முடிந்து ஆறுதல் கேட்டு நான் எழுதிப் போட்டிருப்பேன் என்று எண்ணி வாசிக்கத் தொடங்கினாராம். மதுரை என்ற சொல் வந்தபோதுதான் புரிந்ததாம். நிறுத்தினால் எல்லோரும் உங்களைத் திரும்பிப் பார்ப்பார்கள், அதற்குப் பயந்து முடித்தேன் என்றார். தப்புத்தாம்மா என்றார். அதோடு விட்டிருக்கலாம்.

"ஆனா நீங்களும் சொன்னீயம்மா" என்றார்.

"எதை?"

"செவிகொடும்னு."

தன் தவற்றை மறைக்கச் செத்தவளின் தாயையே சாட்சிக்கு இழுக்கிறான் என்று தோன்றியது. என்ன சொன்னேன் என்று முழுவதும் நினைவில்லை. நினைவிருப்பதை நீங்கள் அச்சில் போட முடியாது. நேராகப் பாக்கியத்தாய் வீட்டுக்குப் போனேன். அன்று முன் பெஞ்சில் என் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவள் அவள்தான். நான் சொன்னேனா, உண்மையைச் சொல் என்றேன்.

அவள் என்னை உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தாள்.

"நீங்கதாங்க்கா முதல்ல சொன்னீய. சீட்ட வாசிச்சதும் கோயில்ல ஒரு சத்தம் இல்ல. ஒங்க சத்தம் மட்டும் தனியா வந்துச்சு. அத அப்படியே விட முடியாமத்தான் நாங்களும் சொன்னோம்."

நான் நம்பவில்லை. இன்னும் இருவரிடம் விசாரித்தேன். பின் பெஞ்சுக்காரர் ஒருவர், பாடற்குழுவில் ஒருவர். ஒருவரோடொருவர் பேசி வைத்துக்கொள்ள முடியாதவர்கள். மூவரும் ஒன்றையே சொன்னார்கள். மூன்று சாட்சிகள் ஒத்துப்போனால் என் நினைவைத்தான் நான் தள்ள வேண்டும். தள்ளினேன்.

யோசித்துப் பாருங்கள். முந்நூறு பேர்மேல் ஒரு வருடம் கோபமாக இருந்திருக்கிறேன். அந்த முந்நூறு பேரும் என் குரல் தனியாக நிற்கக்கூடாது என்று கூட வந்தவர்கள். மண்ணுக்குள் வைத்த மகளுக்குச் சுகமான பயணம் கேட்டு, இந்த வாய்தான் முதலில் திறந்திருக்கிறது. அது சித்தப்பிரமையா, விசுவாசமா என்று ஐயரிடம் கேட்டேன். அவர், எனக்குத் தெரியவில்லை அம்மா என்றார். அன்றுதான் முதன்முறையாக அவரை மதித்தேன்.

அடுத்த சனிக்கிழமை பெட்டியைத் திறந்தேன். அதே சீட்டு. ஆனால் இந்த முறை தேதி, பெயர், வீட்டு எண், மூன்றும் இருந்தன. ஞானாபரணம், வடக்குத் தெரு, பதினேழு. விதியை உண்டாக்கியவள் நான். தள்ளுவதற்கு வழி இல்லை. விதிப்படி அந்த வீட்டுக்கும் போனேன். யாருக்காகக் கேட்கிறீர்கள், அவர் உயிரோடு இருக்கிறாரா என்று வாசலில் நின்று கேட்டேன். வழக்கமான கேள்வி, எல்லோரிடமும் கேட்பதுதான்.

"இருக்காங்கம்மா" என்றார் அவர்.

அதற்கு ஏன் எனக்கு அழுகை வந்தது என்று என்னைக் கேட்காதீர்கள். பதினான்கு மாதங்களில் அதுவே முதல் தடவை. ராஜகனி தண்ணீர் கொண்டுவந்தாள். குடித்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனேன். இன்னும் ஐந்து வீடுகள் பாக்கி இருந்தன.

ஞாயிற்றுக்கிழமை வாசித்தேன். "பியூலாவின் தாயாருக்காக." வாசித்துவிட்டு நின்றேன். சபையில் ஒரு சத்தமும் இல்லை. என் முகத்தைப் பார்த்துப் பயந்திருப்பார்கள். பயப்படும்படிதான் நான் நடந்துகொண்டிருந்தேன். கடைசியில் மணிக்கயிற்றுப் பக்கமிருந்து அந்த மெலிந்த குரல் வந்தது. கர்த்தாவே, எங்களுக்குச் செவிகொடும். பிறகு பாக்கியத்தாய். பிறகு எல்லோரும். எல்லோரும் சொல்லி அடங்கிய பிறகு நானும் சொன்னேன். பழக்கத்தினால் சொல்லவில்லை, டீச்சர். என்ன சொல்கிறேன் என்று தெரிந்து சொன்னேன்.

கோபம் தீர்ந்தது என்று எழுதிவிடாதீர்கள். தீரவில்லை. லாரிக்காரன்மேல் இருக்கிறது. பூப்பறிக்கும் தோட்டக்காரர் கதை சொன்னவர்மேல் இருக்கிறது. கர்த்தர்மேலும் இருக்கிறது, அதை அவரிடமே சொல்கிறேன், தினமும் காலையில், உட்கார்ந்து, முறையாக. முன்பு அவரிடம் பேசாமல் இருந்தேன். இப்போது பேசுகிறேன். என் மகள் அவரிடம் இருக்கிறாள் என்று நம்புகிறேன். அந்த நம்பிக்கை இல்லையென்றால் அவரோடு எனக்கு என்ன பேச்சு?

இனி, பிற்பாடு முடிவான காரியங்கள். இவற்றை மட்டுமாவது நான் சொல்லும் வரிசையிலேயே அச்சிடுங்கள்.

லாரி ஓட்டுநர் பிடிபட்டான். வழக்கு நடக்கிறது. அவன் தாய் எங்கள் சபையைச் சேர்ந்தவள் அல்லள். ஆனாலும் ஒரு நாள் பெட்டியில் சீட்டுப் போட்டிருந்தாள். தேதி, பெயர், வீட்டு எண் இருந்தன. வாசித்தேன். அன்று சத்தமாக வாசிக்க முடியவில்லை.

ஞானாபரணம் உபதேசியார் மறுபடியும் மன்றாட்டு வாசிக்கிறார். அவருடைய பழைய சீட்டுகள் ஐம்பத்தொன்றும் என்னிடமே இருக்கின்றன. திருப்பித் தருவதாக இல்லை. சரிபார்ப்பு என் பொறுப்பில் தொடர்கிறது.

பாக்கியத்தாயின் மகன் இன்னும் பேசவில்லை. அவளுடைய சீட்டு இன்னும் வருகிறது. குழாயை ஆள் வைத்துச் சரிசெய்தாயிற்று.

பியூலாவின் கல்லறைக்குக் கல் வைத்தாயிற்று. பெயரும் இரண்டு தேதிகளும் மட்டும் வெட்டியிருக்கிறது. கீழே ஒரு வசனத்துக்கு இடம் விடச் சொன்னேன். எந்த வசனம் என்று இன்னும் முடிவாகவில்லை, அவசரமும் இல்லை.

கடைசியாக, போன புதன்கிழமை என் பெயரில் ஒரு சீட்டு எழுதிப் பெட்டியில் போட்டேன். அதில் என்ன கேட்டிருக்கிறேன் என்பது உங்கள் பத்திரிகைக்கு அல்ல. தெரிந்துகொள்ள வேண்டுமென்றால் வருகிற ஞாயிறு காலை எட்டரைக்குக் கோயிலுக்கு வாருங்கள். நோட்டுப் புத்தகத்தை வீட்டில் வைத்துவிட்டு வாருங்கள். பெஞ்சில் உட்கார்ந்து, வாசித்து முடித்ததும் மற்றவர்களோடு சேர்ந்து நீங்களும் பதில் சொல்லுங்கள்.